நாலாயிரம் மோட்டார் படங்கள்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். பையனின் துணி ஒன்றும் காயவில்லை. நாற்காலி முதுகில், கதவில், இவருடைய வண்டி ஹேண்டில்பாரில் எல்லாம் துணி. வீடு முழுக்க ஈர நாற்றம்.

சனிக்கிழமை திண்டிவனத்தில் மனநல டாக்டரம்மா சொன்னது, மறப்பதற்குள்:
- மாத்திரை ராத்திரி ஒன்று. தாய்ப்பால் கொடுக்கலாம், பயமில்லை.
- தினம் ஒரு போட்டோ. வீட்டுக்குள் எதுவானாலும். நன்றி சொல்லத் தோன்றுகிற ஒன்று.
- கீழே ஒரு வரி.

"தோணலைன்னா மேடம்?"

"தோணலைன்னு எழுதுங்க. ஆனா போட்டோ எடுத்துடுங்க."

என் போன் கேமராவில் கீறல். இவர் தன் பழைய போனைக் கொடுத்தார். போன மாதம்தான் புதுசு வாங்கினார். வேலை போர்வெல் மோட்டார் கடையில் என்பதால் பழைய போன் முழுக்க மோட்டார். நேம் பிளேட், ஸ்டார்ட்டர், கருகின காயில்.

"நாலாயிரத்துச் சொச்சம் கெடக்கும். அதுல மட்டும் கைய வெக்காத. கஸ்டமருங்க எப்ப வேணா கேப்பாங்க."

"உங்க மோட்டாரு எனக்கெதுக்கு?"

படம் 1: காயாத துணி. ஒரு வரி: தோன்றவில்லை.

பையனுக்கு இன்று ஐந்து மாதம் மூன்று நாள். மூத்தவள் யாழினி இருந்தது ஐந்து மாதம் பதினோரு நாள். இன்னும் எட்டு.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டு விட்டு. ரசம் மட்டும். பாதித் துணி காய்ந்தது.

பையன் தூங்கும்போது மூச்சு எண்ணினேன். நிமிஷத்துக்கு 38. மறுபடி எண்ணினேன், 36. மூன்றாவது தடவை எண்ணும்போது அத்தை பார்த்துவிட்டார்.

"புள்ள தூங்கறதயே பாத்துக்கினு இருக்காத சுதா. பெத்தவ கண்ணே பொல்லாத கண்ணும்பாங்க."

கையில் போன் இருந்ததையும் பார்த்தார்.

"படமா எடுக்கற?"

"இல்லத்தை. ஃபேன எடுத்தேன்."

"ஃபேனையா? ஃபேன எதுக்கு எடுக்கற? அது எங்க ஓடிப்போவுது?"

"டாக்டர் சொன்னாங்க."

"டாக்டரு ஃபேன எடுக்கச் சொன்னாளா! நல்லா படிச்சா டாக்டரு." கொஞ்ச நேரம் கழித்து, குரல் இறங்கி: "புள்ள பக்கம் மட்டும் நீட்டாத. ஒரு வயசு ஆவட்டும். மொட்ட போட்டு, காது குத்தி, அப்புறம் ஸ்டுடியோவுக்கே இட்டுக்கினு போலாம்."

யாழினிக்கும் இதையேதான் சொன்னார். ஒரு வயசுக்குள் படம் எடுத்தால் ஆயுசு குறையும். நான் எடுக்கவில்லை. ஒன்றுகூட. நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். லென்ஸ் வழியாக ஒளி எப்படி வளையும் என்று பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கியவள். ஆனாலும் எடுக்கவில்லை. அப்புறம் எடுக்கலாம், அப்புறம் எடுக்கலாம் என்று இருந்தேன்.

அத்தையைத் திட்ட முடியவில்லை. அவர் என் கையைக் கட்டிப் போடவில்லை. நானும் பயந்தேன். இப்போதும் பயப்படுகிறேன்.

படம் 2: ஃபேன். ஒரு வரி: சுற்றுகிறது.

நவம்பர் 13, வியாழன்

நேற்று எழுதவில்லை. படம் மட்டும் (பால் பாத்திரம், பொங்கி வழிந்தது).

இன்று எழுதியே ஆக வேண்டும். யாழினியின் முகம் வரவில்லை.

காலையில் பாத்திரம் தேய்க்கும்போது கண்ணை மூடி வரவழைத்துப் பார்த்தேன். தலைமுடி வந்தது, சுருள். கண் வரவில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் பையனின் கண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூக்கும் அவனுடையது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறான். இரண்டு வருஷம்தான் ஆகிறது. பெற்றவளுக்கு மறக்குமா? மறக்கிறது.

யாரிடம் கேட்பது? அத்தையிடம் அந்தப் பெயரைச் சொன்னால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். இவர் பேச்சை மாற்றுவார்.

இவர் மதியம் சாப்பிட வந்தார். காணை ஊர்ப் பக்கம் யாரோ ஒருத்தர் கிணற்றில் மோட்டாரோடு பைப்பும் விழுந்துவிட்டதாம். அதைச் சொல்லிச் சிரித்தார். "ஆளு கீழ எட்டிப் பாத்துக்கினு, 'மோட்டாரே, மோட்டாரே'ன்னு கூப்புடறான்மா. ஒரே பேஜாரு." அத்தைகூடச் சிரித்தார். நான் சிரித்தேனா, நினைவில்லை.

கை கழுவிவிட்டு வந்து கேட்டார்: "போன்ல மேல ஏத்திப் பாத்தியா?"

"என்னத்த?"

"இல்ல. பழைய படம் எதனா."

"மோட்டாரா?"

"ம். சும்மா கேட்டேன்." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ரெயின்கோட்டை மறந்துவிட்டுப் போனார்.

படம்: ஆணியில் ரெயின்கோட். ஒரு வரி: அவர் நனைந்திருப்பார். (இது நன்றியா?)

நவம்பர் 15, சனி

திண்டிவனம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பையனை டாக்டரம்மாவே தூக்கி வைத்துக்கொண்டார். நான் காட்டிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். துணி, ஃபேன், பால் பாத்திரம், ரெயின்கோட், நேற்று சேர்த்து எடுத்த இவன் சங்கு, இவன் துண்டு, இவன் பவுடர் டப்பா.

"பாதிக்கு மேல இவன் சாமானா இருக்கு. இவன் எங்க?"

நான் போனை வாங்கிப் பையில் போட்டேன். அவரும் விட்டுவிட்டார். அடுத்த சனி வரச் சொன்னார். மாத்திரை அதேதான்.

வழியில் அம்மா வீடு. அம்மா மல்லாட்டை அவித்து வைத்திருந்தாள். "இளைச்சிட்டடி. அங்க சோறு போடறாங்களா, இல்ல மோட்டார காட்டறாங்களா?" நான் அந்தக் கடலையை இரண்டு கை தின்றேன். பிறகு பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன், காரணமில்லாமல். பக்கத்தில் நின்ற பூக்காரம்மா பையனைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். "அழுதுக்க. பஸ்ஸு வர நேரமிருக்கு." அவ்வளவுதான் சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை.

படம்: பூக்கூடை. பூக்காரம்மா கையும் விழுந்திருக்கிறது. ஒரு வரி: கேட்காததற்கு.

இன்னும் மூன்று நாள்.

நவம்பர் 17, திங்கள்

மழை. பையனுக்கு மூக்கில் நீர். காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டர்: 98.1, 98.4, 98.2, 98.4, 98.4. அத்தை தெர்மாமீட்டரைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். "குத்திக்கினே இருந்தா கொயந்தைக்கு வராத ஜுரமும் வரும்."

யாழினிக்கும் மூக்கில் நீர்தான் முதலில்.

படம் எடுக்கவில்லை. டாக்டரம்மா மன்னிக்கட்டும்.

நாளை.

நவம்பர் 18, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை. பையன் நன்றாக இருந்தான். மூக்கு காய்ந்திருந்தது. நான்தான் சரியில்லை. ஒவ்வொரு மணிக்கும் கடிகாரம் பார்த்தேன்.

மதியம் சாப்பிட்டு அத்தை படுத்தார். பையன் தூளியில். திடீரென்று தோன்றியது: இன்று ஏதாவது ஆகிவிட்டால் இவன் முகமும் போய்விடும். ஆயுசு குறைந்தால் குறையட்டும். இல்லை, அப்படி நினைக்கவில்லை. என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. போனை எடுத்து முதல் தடவையாக அவன் பக்கம் நீட்டினேன். அவன் கேமராவையே பார்த்தான். அழுத்தினேன்.

'சேமிக்க இடமில்லை' என்று வந்தது.

நாலாயிரம் மோட்டாருக்கு இடமிருக்கிறது. என் பிள்ளைக்கு ஒரு படத்துக்கு இடமில்லை. என்ன வந்தது எனக்கு என்று சொல்லத் தெரியவில்லை. மேலே போய், பார்க்காமலே தேர்ந்தெடுத்து, ஐநூறு ஐநூறாக அழித்தேன். மோட்டார், மோட்டார், மோட்டார். நன்றாக இருந்தது. இத்தனை நாளில் இன்றுதான் ஏதோ ஒன்று நன்றாக இருந்தது.

எல்லாம் போயிற்று. அப்படியும் இடம் வரவில்லை. போனின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தால்தான் வருமாம். 'நிரந்தரமாக நீக்கவா?' விரலை வைக்கப் போனேன்.

பையன் அழுதான். வயிற்றுப் பசி அழுகை, வீறிட்டு. போனை அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு ஓடினேன். பால் குடித்தான். அப்படியே மடியில் தூங்கினான். அசையவில்லை நான், எழுந்தால் விழிப்பானோ என்று.

இவர் ஆறரைக்கு வந்தார். நானாகத்தான் சொன்னேன், சண்டைக்கு இழுக்கிற மாதிரி.

"உங்க மோட்டாரெல்லாம் அழிச்சிட்டேன். கஸ்டமருங்க கேட்டா என் பேர சொல்லுங்க."

கத்துவார் என்று நினைத்தேன். ரெயின்கோட்டைக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் சொட்டி அவரைச் சுற்றி வட்டமாக நின்றது.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சுதா. எல்லாத்தையுமா?"

போனை வாங்கினார். ஈர விரலுக்குத் திரை கேட்கவில்லை. சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். குப்பைத்தொட்டிக்குள் போய்த் தள்ளிக்கொண்டே இருந்தார். அத்தை வந்து நின்று, "இன்னாடா ஆச்சு, யாருக்கு இன்னா?" என்றார். இவர் காதில் விழவில்லை. நாலாயிரத்தில் ஒரே ஒரு படத்தைத்தான் திரும்ப எடுத்தார். அதுவும் மோட்டார்தான். நம் கூடத்துத் தரையில், பழைய பேப்பர் மேல் வைத்த மோட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே கொண்டுவந்து கழற்றுவாரே, அப்போது எடுத்தது.

"இதுக்கா?" என்றேன்.

படத்தின் மேல் மூலையை விரலால் விரித்துப் பெரிதாக்கினார்.

தூளி. பச்சைச் சேலை. என் சேலை. சேலைக்கு வெளியே ஒரு கால். கட்டைவிரல் மட்டும் தனியாக விறைத்துக்கொண்டு. வெள்ளிக் கொலுசு.

பையனுக்குக் கொலுசு போடவில்லை.

எத்தனை நேரம் பார்த்தேனோ. பிறகு கேட்டேன்: "ஏன் காட்டல?"

"நீ தாங்க மாட்டன்னு."

"நீங்க?"

"நான் தெனம் பாப்பேன். கடையில, மோட்டார பாக்கற மாரி பாத்துக்கினு இருப்பேன். யாரும் கேக்க மாட்டாங்க." மூக்கை உறிஞ்சினார். "புது போனுக்கு மாத்தப் பயம். மாத்தறேன்னு போயி தொலைச்சிட்டா? அதான் ஒங்கிட்ட கொடுத்தேன். என்னால காட்ட முடியல. நீயே ஒரு நாளு மேல ஏத்திப் பாப்பன்னு நெனச்சேன்."

நான் பார்க்கவில்லை. ஐநூறு ஐநூறாக அழித்தேன்.

அத்தை கண்ணாடி இல்லாமல் போனை மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம். "நான் போட்ட கொலுசு," என்றார். பிறகு, "மூஞ்சி விழலயாடா?"

"இல்லம்மா. காலு மட்டுந்தான்."

கொல்லைப்பக்கம் போனார். மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே வர நேரமாயிற்று.

முகம் இல்லை. இனி எங்கும் இல்லை, எந்தப் போனிலும். அதை இன்று முழுசாகத் தெரிந்துகொண்டேன். இவர் முதுகைத் தடவினேன். ரெயின்கோட் மேல்தான் தடவியிருக்கிறேன், பிறகுதான் தெரிந்தது.

ஒரு வரி: மதியம் பையன் அழுததற்கு. அந்த நிமிஷம் அழுததற்கு. இதைச் சந்தேகமில்லாமல் எழுதுகிறேன்.

நவம்பர் 19, புதன்

வெயில், கொஞ்சம். துணியைக் கொடியில் போட்டேன்.

ஐந்து மாதம் பன்னிரண்டு நாள். யாழினி பார்க்காத நாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவளை விட்டுவிட்டு ஒரு படி ஏறிவந்துவிட்ட மாதிரி இருக்கிறது. இனி ஒவ்வொரு நாளும் இப்படித்தானா? காலையில் இட்லி ஊற்றும்போது அழுகை. மாவு நீர்த்துப் போயிருந்தது, இட்லி தட்டை தட்டையாக. யாரும் குறை சொல்லவில்லை.

இவர் கடைக்குப் போகுமுன் அந்தப் படத்தை மூன்று இடத்தில் ஏற்றினார். தன் புதுப் போன், என் போன், ஊரில் என் அம்மா போன். அம்மாவுக்கு எதுவும் சொல்லவில்லை. அம்மாவிடமிருந்து பதில்: "எதுக்குடி மோட்டாரு?" அப்புறம் பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் போன் அடித்தது. எடுத்தேன். "கொலுசுடி," என்றாள் அம்மா.

பத்து மணி வாக்கில் அத்தை பையனைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டிக்கொண்டு வந்தார். கன்னத்தில் மை, நெற்றியில் மை. இன்று உள்ளங்காலிலும் ஒரு பெரிய மைப்பொட்டு, கோலி குண்டு அளவுக்கு. கூடத்தில் பாய் போட்டு என் முன்னால் கிடத்தினார். முந்தானையை எடுத்துப் பையனின் இடுப்பிலிருந்து கழுத்துவரை, அப்புறம் முகத்துக்கும் மேலே, கூடாரம் மாதிரி பிடித்துக்கொண்டார். உள்ளே அவன் சிரிக்கிற சத்தம்.

தன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"கால மட்டும் எடுத்துக்கோ. ஜல்தி."

எடுத்தேன். உதைத்துவிட்டான். படத்தில், கால் இருந்த இடத்தில் ஒரு கோடு, ஒரு கறுப்புப் பொட்டு.

அழிக்கவில்லை.