நம் புஞ்சை மட்டும் ஏன் கடைசி?

செருப்பே போடாத என் அன்பு அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்து திதியும் கொடுத்தாயிற்று, கோபம் மட்டும் குறையவில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் நம் ஊரில் மழை பெய்தால் போதும், மதுரையில் என் போன் அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் யார் கையிலாவது ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பேன்.

"தாயி, மழை பேஞ்சிருச்சு. எப்ப வார? நீ வந்து மொதப் பிடி போட்டாத்தான் எங்களுக்குத் திருப்தி."

யார் விதைத்தாலும் முதல் பிடி விதை உங்கள் கையால் விழவேண்டும் என்பது ஊரின் நம்பிக்கை. சரி, அது உங்கள் கைராசி. ஆனால், "எனக்கப்புறம் எம் மகதான், ஊசி குத்துனாக்கூட வலிக்காத கை" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டுப் போனீர்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இல்லை என்ற சொல் உங்கள் வாயில் வந்ததே கிடையாது. மழை விட்டதும் கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டு விதைப் பெட்டியோடு கிளம்பிவிடுவீர்கள். ஊர்ப் புஞ்சை எல்லாம் முடித்து நம் புஞ்சையில் விதைக்க மூன்றாம் நாள் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் ஈரம் காய்ந்திருக்கும். ஊரார் சோளம் ஆள் உயரம் நிற்கும், நம்முடையது இடுப்பைத் தாண்டாது.

"அம்புட்டுப் பேருக்கும் போட்டுட்டு வாங்க, நம்ம புஞ்சை எங்கிட்டும் ஓடிறாது" என்று அம்மா கத்துவாள். நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

இரண்டு மாதம் முன்னால் நல்ல மழை. இந்த முறை நம் புஞ்சைதான் முதலில் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்துகொடுத்தேன். மூன்று நாள் லீவுக்கு நாலு பேரிடம் கெஞ்சி, முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். அம்மா விதைப் பெட்டியோடு முன்னால் நடந்தாள்.

வரப்பில் தவசிச் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். ஒரு முழ வரப்புக்காகப் பதினாறு வருஷம் உங்களோடு பேசாத அதே பங்காளி. ஊரில் நீங்கள் விதைக்காத ஒரே புஞ்சை அவருடையது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆத்தா, எம் புஞ்சையிலயும் ஒரு பிடி போட்டுட்டுப் போ."

"எங்கப்பா இருந்தப்பக் கூப்பிடத் தோணலையா சித்தப்பா?"

அவர் தலை குனிந்துகொண்டார். "ஊருக்கெல்லாம் போட்டு முடிச்சிட்டு, மூணாம் நாளு விடியவும் இந்த வரப்புக்கு வந்துருவான். பொழுதுக்கும் பெட்டியோட நிப்பான். நான் கூப்பிடுவேன்னுதான் நின்டான். அது எனக்குந் தெரியும். எனக்குத்தான் வாய் வரல."

அம்மா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அவரைச் சொல்லவில்லை, உங்களைத்தான்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. 'வாடா' என்று ஒருவர் சொல்லவேண்டும், அல்லது 'வரட்டுமா' என்று ஒருவர் கேட்கவேண்டும். இதற்கா அப்பா பதினாறு வருஷம்? ஊருக்கே நல்லது கெட்டது பேசித் தீர்த்துவைத்த உங்களுக்கு, கூடப் பிறந்தவர் மாதிரி வளர்ந்தவரிடம் நாலடி நடந்துபோய்ப் பேசத் தெரியவில்லையா? எங்கள் சோளமெல்லாம் இதற்காகவா காய்ந்தது?

சத்தியத்தை மீறவில்லை. முதல் பிடி நம் புஞ்சையில்தான் போட்டேன். இரண்டாம் பிடி சித்தப்பா புஞ்சையில். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, கை கூப்பி நின்று அழுதார். அதன்பிறகுதான் ஊர்.

நேற்று அம்மா போன் செய்தாள். நம் சோளம் இடுப்பைத் தாண்டிவிட்டதாம்.

அடுத்த மழைக்கும் வருவேன் அப்பா, லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். கூப்பிடுகிற அத்தனை பேருக்கும் போடுவேன். ஆனால் நம் புஞ்சைதான் முதலில். நான் முடித்துவிட்டு வரும்வரை தவசிச் சித்தப்பா விதைப் பெட்டியோடு வரப்பில் நிற்கட்டும். அரை மணி நேரம்தான். நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

கேட்காமலே உங்கள் கைராசியை வாங்கிக்கொண்ட,
இன்னும் கோபம் தீராத உங்கள் மூத்த மகள்.