வடிவு நீந்திய ஆறு

சரக்குக் கப்பல் தாழம்பூ. பயண நாள் 248. காலை 07:10

காற்றழுத்தம் சரி. உள்வெப்பம் இருபத்து நான்கு. நீர்த்தொட்டி முக்கால் நிறைவு, நாலு ஆள் ஆழம், மூடி பூட்டு. கப்பல் தன்னைத்தானே சுற்றுவதால் தண்ணீர் ஊர்க் கிணற்றில் நிற்பதுபோல் அடங்கி நிற்கிறது. உறக்கப் பெட்டி: இதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஒன்பது, எடை ஐம்பத்தெட்டு கிலோ. சனிக்கோளின் நிலா ஒன்றைச் சுற்றும் முத்துத்துறைக்கு இன்னும் இருபது நாள்.

இதைக் கண்டெடுத்துப் படிக்கும் புண்ணியவானுக்கு: என் பெயர் கொம்பையா. ஊர் கோவில்பட்டிப் பக்கம். இந்தக் கப்பலில் விழித்திருக்கும் ஒரே ஆள். பத்தாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன். மற்றவர்களெல்லாம் ஒரு தடவையோடு விட்டவர்கள். போன மாதம் யானை அளவில் ஒரு விண்கல் ஜன்னலை உரசிக்கொண்டு போனது. நான் முறைத்த முறைப்பில்தான் அது விலகியது. கருவி அதைப் புளியங்கொட்டை அளவு என்று பதிந்திருக்கிறது. கருவிக்கு என்ன தெரியும்?

பெட்டியில் உறங்குகிறவள் என் அக்கா மகள் செண்பகவடிவு. இந்தக் கப்பலின் மாலுமி. வேகத்தைக் குறைத்துத் துறையில் கட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். காவலுக்கு மாமாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து என்னைக் கூட்டி வந்தவளும் அவள்தான்.

ஒன்பது மாதம் சும்மா உறங்கினால் மூளை தன்னையே மறந்துவிடுமாம். அதனால் உறங்குகிறவரை ஒரு வீடியோ கேமுக்குள் விட்டுவிடுகிறார்கள். 'ஏழு வண்ணத் தோப்பு' என்று பெயர். திட்டுக்குத் திட்டு தாவிப் போகும் விளையாட்டு. பஞ்சுமிட்டாய் நிறத்தில் மேகம், வளையல் கடைபோல மினுங்கும் மரம். கதாநாயகி பெயர் மின்னா. நினைத்த உருவம் எடுப்பாள். பள்ளம் வந்தால் கொக்கு, பொந்து வந்தால் அணில், தண்ணீர் வந்தால் நீர்நாய். அந்த மின்னாவுக்குள் இருந்து தாவுகிறவள் எங்கள் வடிவு. நான் திரையில் பார்க்கலாம், ஒலிபெருக்கியில் பேசலாம்.

ஒவ்வொரு தோப்பின் முடிவிலும் ஒரு கண்ணாடிக் கதவு. எல்லா உருவத்தையும் உதறிவிட்டுத் தன் சொந்த உருவில் நின்றால்தான் திறக்கும். அந்தச் சொந்த உருவம் மறக்காமல் இருக்க, விழித்திருப்பவர் அவளைப் பற்றி நாளுக்கு ஐந்து வரி எழுதவேண்டும். எழுதுவது அவள் நினைவாகவே படிந்துவிடும். 'உண்மையாக எழுதவும்' என்று விதிப்புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. எனக்கா சொல்லவேண்டும்!

நாள் 249. காலை 08:00

எல்லாக் கருவியும் சரி.

இன்றைய ஐந்து வரி. வடிவு ஆறடி உயரம். பரதம் ஆடினால் சலங்கை ஊருக்கே கேட்கும். பல் முத்துக் கோத்தது போல. ஒரு வயதில் குலசாமி கோயிலில் என் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். நான் பாறை மாதிரிப் பிடித்திருந்தேன், பிள்ளை இமைகூட அசைக்கவில்லை, இரண்டு காதும் கோலப்புள்ளி போல நேர். வெள்ளம் கரைபுரண்ட தாமிரபரணியைப் பத்து வயதில் நீந்திக் கடந்தாள். நீச்சல் சொல்லிக்கொடுத்தவன் நான்.

பெண்பிள்ளையைப் பற்றி மூன்றாம் மனுஷரிடம் சொல்லும்போது ஒன்றுக்கு நாலாகச் சொல்லவேண்டும். அதுதான் தாய்மாமனுக்கு மரியாதை. உள்ளதை உள்ளபடி சொன்னால், இவனுக்கே அந்தப் பிள்ளை மேல் பிரியமில்லை என்று ஊர் பேசும்.

சாயங்காலம் நீலத் தோப்பில் நீர்நாயாகி ஆற்றில் குதித்தாள். புரண்டாள், மிதந்தாள். அவள் சிரிப்பு ஒலிபெருக்கியைக் கிழித்தது.

"மாமா! நான் நெசமாவே இப்படி நீந்துவனா?"

"நீந்துவியாவா? மீனெல்லாம் ஒங்கிட்ட வழி கேக்கும் தாயி."

நாள் 253. காலை 09:15

கருவிகள் சரி. திரையில் ஒரு சின்ன விசித்திரம்.

மின்னா ஓர் உருவத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் பழையது புகைபோல மறையவேண்டும். இரண்டு நாளாக மறைவதில்லை. உதறிய உருவங்கள் திட்டுகளிலேயே உட்கார்ந்துகொள்கின்றன. மஞ்சள் திட்டில் ஆறடிப் பெண் ஒருத்தி. கிளையில் சலங்கை கட்டியவள் ஒருத்தி. முத்துப்பல் தெரியச் சிரிக்கும் ஒருத்தி. நீலத் தோப்பில் ஆற்றோரம் நீர்நாய். ஒன்றும் செய்வதில்லை. திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் என்னைப் பார்க்கின்றன.

பார்த்தால் பார்க்கட்டும். திருவிழாக் கூட்டத்தில் பத்தாயிரம் பேர் முன்னால் நாடகம் போட்டவன் நான்.

நாடகத்தில் நான் திரை இழுத்தவன். யாரும் கேட்கவில்லை, சும்மா எழுதி வைக்கிறேன்.

நாள் 257. பிற்பகல் 02:30

முத்துத்துறைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து செய்தி. பேசியவள் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி. இங்கிருந்து ஒன்று கேட்டால் நாற்பது நிமிடம் கழித்துப் பதில் வரும்.

"அண்ணாச்சி, இங்கேருந்தே சோதனைக்கு ஒரு தடவ எழுப்பிப் பாத்தோம். பெட்டி தொறக்க மாட்டேங்கு. படுத்திருக்கிற ஆளு வேற, அவ நினைவுல இருக்கிற ஆளு வேறன்னு காட்டுது. அந்த அஞ்சு வரிய உண்மையாத்தான எழுதுறீய?"

"தங்கச்சி, கொம்பையா வாய்க்குப் பொய்யின்னா என்னன்னே தெரியாது" என்று அனுப்பினேன்.

நாற்பது நிமிடம் கழித்து:

"நீங்க எழுதுனது பூரா இங்க இருக்கு. ஆறடி உசரமாம். பெட்டியே அஞ்சரை அடி. பிள்ளைய மடிச்சா வச்சிருக்கீய? அண்ணாச்சி, வெளையாட்டு இல்ல. ஒம்பது நாள்ல அவ எந்திரிக்கலன்னா நீங்க நிக்காம சனிக்கோளத் தாண்டிப் போயிருவீய. அதவிட, ஒரு தேதிக்கு மேல அவளுக்கு அவளையே தெரியாமப் போயிரும். பொய்ய ஒண்ணுவிடாம அடிங்க. ஒண்ணுவிடாம."

நாள் 258. காலை 06:50

அடித்தேன்.

உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். பரதம் கிடையாது, பள்ளி விழாவில் மரமாக நின்றாள். முன்பல்லில் சந்து உண்டு, அதில் சீட்டியடிப்பாள். பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். தாயத்தில் தோற்றால் காயை வீசிவிடுவாள்.

இதை எழுதக் கை கூசியது. ஆனால் எழுதி முடித்ததும் திரையில் ஆறடிக்காரி கரைந்தாள். பிறகு சலங்கைக்காரி. பிறகு முத்துப்பல். போகும்போது ஒவ்வொருத்தியும் "மாமா" என்றாள். மூன்றும் வடிவின் குரல்.

கதவு திறக்கவில்லை. வடிவு கண்ணாடி முன்னால் நிற்கிறாள், குட்டையாக, பல்சந்தோடு. எல்லாம் சரியாக இருக்கிறது. இடது காதை மட்டும் கையால் பொத்தியிருக்கிறாள்.

"மாமா, இங்க என்னமோ தப்பா இருக்கு. என்னன்னு தெரியல."

எனக்குத் தெரியும்.

நாள் 260

கருவி பார்க்கவில்லை. ஒன்றும் எழுதவில்லை.

நாள் 261. காலை 05:20

பெட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வலது காதில் துளை நேராக இருக்கிறது. இடது காதில் கீழே இறங்கி, ஓரத்தைக் கிழித்த வடுவாக இருக்கிறது. முப்பத்தொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற காதுதான்.

எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குப் பத்தொன்பது வயது. பட்டுவேட்டி கட்டிக்கொண்டு மடியில் பிள்ளையை வைத்திருந்தேன். ஆசாரி வலது காதைக் குத்தினார். ஒரு சொட்டு ரத்தம். எனக்கு ரத்தம் ஆகாது. கண்ணை மூடினேன், கை தளர்ந்தது. இடது காதில் ஊசி இறங்கும் நேரத்தில் பிள்ளை திரும்பிவிட்டாள். அவள் வீறிட்டதும் நான் அவளைக் கல்தரையில் விட்டுவிட்டு எழுந்து ஓடினேன். கோயிலுக்குப் பின்னால் கிணற்றடியில் போய் உட்கார்ந்திருந்தேன். தாய்மாமன் மடி இல்லாமல், யாரோ ஒருவர் மடியில் வைத்து மீதியை முடித்தார்கள்.

ஆசாரிக்குக் கண் தெரியவில்லை என்று நான் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். அதன் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கும் அவரைக் காது குத்தக் கூப்பிடவில்லை. அவர் ஒரு தடவைகூட என்னிடம் வந்து கேட்கவில்லை.

எழுதியதை ஒலிபெருக்கியில் அவளுக்கு வாசித்தேன்.

"நீங்க எங்க போனீங்க மாமா?"

"கெணத்தடிக்கு."

"நான் அழுதேனா?"

"கெணத்தடி வரைக்கும் கேட்டுச்சு தாயி."

கையை எடுத்தாள். வடு தெரிந்தது. கண்ணாடிக் கதவு திறந்தது.

நாள் 264. காலை 10:00

ஜெசிந்தா: "பெட்டி இப்ப பச்சை காட்டுது அண்ணாச்சி! நாளன்னைக்கு எழுப்பிரலாம். வேற பொய் ஏதும் பாக்கி இருக்கா? ஒடம்புல தெரியுறதத்தான் பெட்டி கண்டுபிடிக்கும். மத்தத நீங்கதான் சொல்லணும்."

ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த ஆறு.

வடிவு தண்ணீருக்குப் பயந்தவள். தாமிரபரணிப் படித்துறையில் மேல்படியிலேயே சொம்பில் மொண்டு குளிப்பாள். நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது, பிறகு எங்கே சொல்லிக்கொடுப்பது?

சொல்லத்தான் ஒலிபெருக்கியை எடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மாமா, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துட்டீங்க. உசரம் போச்சு, ஆட்டம் போச்சு. போகட்டும். நான் ஆத்துல நீந்துனது மட்டும் நெசந்தான? தண்ணிக்குள்ள இருக்கும்போதுதான் மாமா எனக்குப் பயமே இல்ல."

நீலத் தோப்பில் நீர்நாய் கரையேறி உட்கார்ந்து என் வாயையே பார்த்தது.

"நெசந்தான்" என்றேன்.

ஒன்றே ஒன்று. பிள்ளை ஆசைப்பட்டாள். எழுந்த பிறகு சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜெசிந்தாவுக்கு "பாக்கி ஏதுமில்லை" என்று அனுப்பினேன்.

நாள் 266. காலை 11:05

எழுப்பும் வேலை தொடங்கியது. நாற்பது நிமிடம். விழித்திருப்பவர் பக்கத்திலேயே இருந்து தலையைத் தொட்டுக்கொண்டு பேசவேண்டும், நகரக்கூடாது. ஒரு கையால் அவளைப் பிடித்திருக்கிறேன், இன்னொரு கையால் எழுதுகிறேன்.

11:22. பெட்டியின் ஊசி கழுத்தில் இறங்கியது. ரத்தம். ஒரு சொட்டில்லை, ஒரு குழாய் நிறைய. கண்ணை மூடவில்லை. எழவில்லை.

11:45. கண் திறந்தாள்.

"ஏட்டி வடிவு, யாருன்னு தெரியுதா?"

"ஓடிப்போன மாமா" என்றாள். இடது காதைத் தடவிக்கொண்டு பல்சந்து தெரியச் சிரித்தாள். நான் அழுதேன் என்று எழுதினால் அதிலும் ஒரு மிகை இல்லை.

நாள் 266. பிற்பகல் 01:30

கஞ்சி குடித்தாள். சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்து, நாளைக் காலை வேகத்தைக் குறைக்கலாம் என்றாள். கை கால் கட்டைபோல இருக்கிறது, கப்பலைச் சுற்றி ஒரு நடை நடந்து வருகிறேன் என்று போயிருக்கிறாள்.

கேம் திரையை அணைக்கப் போனேன். தோப்பு காலி. திட்டுகளில் யாருமில்லை. ஆற்றோரத்தில் நீர்நாய் மட்டும் இருக்கிறது. அணைக்க மனம் வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளிடம் சொல்லிவிடவேண்டும்.

பிற்பகல் 01:49

நீர்நாய் இல்லை. இப்போதுதான் பார்த்தேன். ஆற்றில் வளையம் வளையமாக அலை.

01:50

உள்பேசியில் வடிவு:

"மாமா, தொட்டி மூடியத் தொறந்துட்டேன். கீழ இருட்டா, அமைதியா, நம்ம ஆறு மாதிரியே இருக்கு. ஒடம்பு கட்டு விட ஒரே ஒரு முங்கு. வாங்களேன், நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

வேண்டாம் என்று கத்தினேன். உள்பேசியை அங்கே வைத்துவிட்டாள்போல.

01:51

எழுத நேரமில்லை, ஓடிக்கொண்டே வாயால் சொல்கிறேன், கருவி பதியட்டும். வடிவு, அது பொய்யிட்டி. ஒனக்கு நீச்சல் தெரியாது. ஆத்துல எறங்குனதே இல்ல நீ. மேல்படியில, சொம்புல. கேக்குதா? வடிவு! இங்க கயிறு இருந்துச்சே. கயிறு எங்க. எனக்கும் தெரியாது தாயி, நீச்சல் எனக்கும் தெரியாது, ஆனா இந்தத் தடவ கெணத்தடிக்குப் போகல, ஒங்கிட்டத்தான் வாரேன், ஒங்கிட்டத்தான்

தானியங்கிப் பதிவு

01:52. நீர்த்தொட்டி மட்டம்: ஐம்பத்தெட்டு லிட்டர் உயர்வு.

01:54. நீர்த்தொட்டி மட்டம்: மேலும் எழுபத்தொரு லிட்டர் உயர்வு.

02:10. முத்துத்துறையிலிருந்து செய்தி: "அண்ணாச்சி, எந்திரிச்சாளா? நாங்க எல்லாரும் இங்க ஒலிபெருக்கியச் சுத்தி நிக்கோம். ஒங்க பாணியிலயே சொல்லுங்க, நாலு மடங்கு கூட்டியே சொல்லுங்க, இன்னைக்கு நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." பதில்: இல்லை.

02:30. நீர்த்தொட்டி மட்டம்: மாற்றமில்லை.