செடிச் சுவருக்குள் இரண்டு சகோதரிகள்

நெதர்காட்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் ரோசலிண்டுக்கு அப்பா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் நாய்க்குட்டியும் நலம், அங்கே கனடாவில் நீயும் மாப்பிள்ளை கேலமும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மா இரண்டு தடவை படித்தாள், மடித்து டீ டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, தோட்டத்துக்குப் போய் நன்றாக இருந்த அவரைக்கொடியை எல்லாம் அவிழ்த்து மறுபடி கட்டினாள். கல்யாணத்தை நம் ஊர்க் கோயிலில் வைத்துக்கொள்ள உனக்கு ஆசைதான், ஆனால் அம்மாவைக் கூப்பிட்டால் சித்தியைக் கூப்பிட முடியாது, சித்தியைக் கூப்பிட்டால் அம்மா வரமாட்டாள், அந்தத் தலைவலிக்குப் பதில் அங்கேயே இரண்டு சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம் என்று எழுதியிருந்தாயே, நீ சொன்னதில் தப்பில்லை அம்மா. ஆனால் ஒரே மகளின் கல்யாணத்தை போட்டோவில் பார்க்கிற அப்பனாக இருக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் புதன்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஊர்ப் பெண்கள் சங்கத்தில் கோடை முழுக்க புதன்தோறும் பஸ் பிடித்து ஏதாவது பழைய மாளிகைக்கோ தோட்டத்துக்கோ போவது உனக்குத் தெரியும். அம்மா ஒரு வாரம் போனால் மியூரியல் சித்தி மறுவாரம் போவாள், ஆறு வருஷமாக இதுதான் ஏற்பாடு, யார் எந்த வாரம் என்று தபால் நிலையத்தில் விசாரித்து வந்து சொல்வது என் வேலை. போன மாதம் அம்மாவோடு நானும் பழைய ஜெபக்கூடத்தில் வைத்திருக்கிற பொத்தான் மியூசியத்துக்குப் போனேன். மூன்று அறை நிறையப் பொத்தான், அதில் ஒன்றுகூட என் பச்சை கோட்டுக்குப் பொருந்தாது என்று சொன்னதற்கு அம்மா என் காலை மிதித்தாள். அதற்கு முன்னால் போன வீட்டில் ஏதோ ராஜா படுத்துத் தூங்கிய கட்டில் என்று காட்டினார்கள். எந்த மாளிகைக்குப் போனாலும் அவர் தூங்கின கட்டில் ஒன்று இருக்கிறது, மனுஷன் வாழ்க்கையில் எழுந்து உட்கார்ந்ததே இல்லை போலிருக்கிறது. இந்த வாரம் ஆஸ்லிங்டன் மாளிகை, அம்மாவின் முறை. ஆனால் போன வாரம் சித்தி போக வேண்டிய ரோஜாத் தோட்டத்தில் மழைத் தண்ணீர் ஏறி அதை ரத்து செய்துவிட்டார்கள், அந்தச் சீட்டை எல்லாம் இந்த வாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அது தெரியும், அம்மாவிடம் சொல்லவில்லை. புதன்கிழமை நானும் கூடப் போனேன், பஸ்ஸில் ஏறியதும் அம்மா சித்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். சித்தி கடைசி சீட்டுக்குப் போனாள். நடுவில் இருந்த அத்தனை பெண்களும் சேர்ந்தாற்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இறங்கின பிறகும் அப்படித்தான், இவள் மாடி அறைகளைப் பார்த்தால் அவள் சமையல்கட்டைப் பார்த்தாள், அவள் பழைய சலவைச் சாமான் மியூசியத்துக்குள் நுழைந்தால் இவள் இஸ்திரிப் பெட்டியை ஜென்மத்தில் பார்க்கப் பிடிக்காதவள் மாதிரி வெளியே வந்தாள்.

அந்த மாளிகைத் தோட்டத்தில் ஒரு புதிர்ப்பாதை இருக்கிறது, நீ சின்ன வயதில் வேறெங்கோ ஒன்றில் மாட்டிக்கொண்டு அழுதாயே, அதே மாதிரி ஆளுயரத்துக்கு மேல் செடிச் சுவர், சந்து சந்தாகப் பிரிகிற வழி. பக்கத்தில் ஒரு மரப் பரண், உள்ளே திண்டாடுகிறவர்களுக்கு அங்கிருந்து வழி சொல்ல ஒரு அம்மாள் நிற்கிறாள். நான் சும்மா ஏறிப் பேச்சுக் கொடுத்தேன், அவள் ஐயா ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துக்கறீங்களா, ஒரு வாய் டீ குடிச்சிட்டு வந்துடறேன் என்று இறங்கிப் போனாள். கீழே பார்த்தால் வடக்குப் பக்கத்தில் அம்மாவின் வைக்கோல் தொப்பி, தெற்குப் பக்கத்தில் சித்தியின் நீலத் தொப்பி, ஒருத்தி உள்ளே இருப்பது மற்றவளுக்குத் தெரியாது. முப்பது வருஷம் சிக்னல் கேபினில் உட்கார்ந்து ரயிலும் ரயிலும் மோதாமல் பார்த்துக்கொண்டவன் நான். அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியதோ, இரண்டையும் ஒரே தண்டவாளத்தில் விட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. சித்திதான் முதலில் அண்ணாந்து பார்த்து, அத்தான், எந்தப் பக்கம், சீக்கிரம் சொல்லுங்க, டீக்குக் கூப்பிடறாங்க என்றாள். வலது, மறுபடி வலது என்றேன். அம்மாவுக்கு இடது, இன்னும் இடது என்று கத்தினேன். வெளியே போகிற வழி அதற்கு நேர் எதிர்ப்பக்கம். கடைசியில் முட்டுச்சந்து ஒன்று, அதில் ஒரு கல் பெஞ்சு. வைக்கோல் தொப்பி ஒரு மூலையில் திரும்பியது, நீலத் தொப்பி எதிர் மூலையில் திரும்பியது, இரண்டும் அசையாமல் நின்றன. சித்தி திரும்பிப் போகப் பார்த்தாள். மியூரியல், அங்கயே நில்லு, பின்னால ஒரு பள்ளிக்கூடமே வருது என்று ஒரு பொய் சொன்னேன். நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஆளுக்கு ஒரு ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சித்தி பையைத் திறந்து புதினா மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து, பார்க்காமலே பக்கவாட்டில் நீட்டினாள். அம்மாவும் பார்க்காமலே ஒன்று எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது பார். என் வரைக்கும் நன்றாகக் கேட்டது. அம்மா கண்ண மூடின மாசமே அவங்க பியானோவ என்னைக் கேக்காம பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தியே, நான் அதுலதானேடி விரல் வைக்கக் கத்துக்கிட்டேன் என்று உன் அம்மா கேட்டாள், ஆறு வருஷத்தில் என்னிடம்கூட அவள் அதை அப்படிச் சொன்னதில்லை. சித்தி, பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தேன்னு சொன்னது பொய்க்கா, மூடியத் தொறந்தா உள்ள எலி குட்டி போட்டு வச்சிருந்துச்சு, கம்பியெல்லாம் துரு, தச்சர் வந்து உடைச்சு விறகாக்கிட்டார், நான் பக்கத்துலயே இருந்து அம்மாவப் பாத்துக்கிட்ட வீட்ல எலின்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது, வெக்கமா இருந்துச்சு என்று அழுதாள். வைக்கோல் தொப்பி குனிந்தது, நானும் அழுகைதான் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு. எத்தனை குட்டி என்று கேட்கிறாள் உன் அம்மா. சித்தி அழுதுகொண்டே ஏழு என்றாள், உடனே அவளும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். டீ குடிக்கப் போன அம்மாள் திரும்பி வந்து உள்ளே யாராவது இருக்காங்களா என்றாள். ரெண்டு பேர் இருக்காங்க, அவசரம் ஒண்ணுமில்ல என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. பிறகு நான் ஒழுங்கான வழியைச் சொல்ல வாயெடுத்தால் உன் அம்மா கையை ஆட்டி, நீங்க சொல்லி வந்ததெல்லாம் போதும் என்று கத்தினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று இது வழி, அது வழி என்று சண்டை போட்டுக்கொண்டே இரண்டு பேரும் கைகோத்து வெளியே வந்தார்கள். டீ ஆறிப்போய்விட்டது, பிளம் கேக்கில் ஒரே துண்டு மிச்சம், அதைப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள், எனக்குத் தரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில், நான் பின்னால் தனியாக.

நான் ஏதோ பெரிய தந்திரம் செய்துவிட்டதாக நேற்றுக் காலை வரை பெருமையாகத்தான் இருந்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டே உன் அம்மா, டீக்கடைத் தட்டுச் சத்தம் என் வலது காதுல கேக்குது, நீங்க இடது இடதுன்னு கத்தறீங்க, சிக்னல்காரருக்கு இடது வலது தெரியாமப் போச்சாக்கும் என்றாள். தெரிஞ்சே ஏன் போனே என்று கேட்டேன். அந்தப் பக்கம் நீலத் தொப்பி நுழையறதைப் பாத்துட்டுத்தான் நானும் உள்ளே போனேன், யாராவது ஒருத்தர் கூட்டிட்டுப் போனாத்தானே நானா வலியப் போன மாதிரி இருக்காது என்று சொல்லிவிட்டு, தட்டைத் துடையுங்க, ஈரம் சொட்டுது என்றாள். நானும் துடைத்தேன்.

ஆகையால் மகளே, கையெழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். பாதிரியாரைப் பார்த்துவிட்டேன், அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை கோயில் காலியாக இருக்கிறதாம், வேறு யாரும் கேட்பதற்குள் பதில் போடு. மாப்பிள்ளையின் அப்பா அம்மாவுக்கு உன் அறையை ஒழித்துத் தருகிறோம், அவர்களுக்கு நாய் பிடிக்குமா என்று கேட்டு எழுது. வேலை வேலை என்று இராமல் நேரத்துக்குச் சாப்பிடு, பனி விழ ஆரம்பித்தால் அந்தப் பழைய காரை ஓட்டாதே. கல்யாணக் கேக்கைச் சித்தி செய்கிறாள், பழத்தை இப்போதே பிராந்தியில் ஊறப் போட்டுவிட்டாள், அம்மா போய் ருசி பார்த்துவிட்டு இன்னும் ஊற்று என்றாளாம், அதில் ஒரு சண்டை. கோயிலில் முன் பெஞ்சில் நீ நடந்து வரும்போது உன் கையைத் தொடுகிற மாதிரி ஓரத்தில் உட்காருவது யார் என்று இன்னொரு சண்டை, அது இந்த நிமிஷம் என் சமையலறையில்தான் நடக்கிறது, ஜன்னல் கண்ணாடி அதிருகிறது, அதைக் கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நூறு வயசு ஒருவருக்கொருவர் துணையாக, சந்தோஷமாக இருக்க வேண்டும். சீக்கிரம் வா கண்ணு.

என்றும் உன் நினைவாக,
உன் அப்பா
சிரில் ஹாடோ