நாலு பேர் விதி

மார்ச் 3, செவ்வாய்

"வீட்டுக்குப் போனா யாருக்கு டீச்சர் பாடம் நடத்துவீங்க?" என்று, நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி என்னைக் கேட்டாள். என் கணவருக்கு என்றேன். வகுப்பே சிரித்தது. என் கபோர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது இந்தக் குறிப்பேட்டுக்குத்தான் நடத்துகிறேன்.

மேல்மாடி காலி. குடியிருந்த தம்பதி கொலம்பஸ் நகருக்குப் போய்விட்டார்கள். ஜன்னலில் அட்டை மாட்டினேன்: "வாடகைக்கு. இரண்டு படுக்கையறை."

மார்ச் 5

இன்று யாரோடும் பேசவில்லை. வானொலிக்காரர் பேசினார்.

மார்ச் 7, சனி

மரிசோல் ட்ரெவின்யோ என்ற பெண் வீடு பார்க்க வந்தாள். கணவன் ரூபன், கண்ணாடி ஆலையில் வேலை. மூன்று பெண் குழந்தைகள், கடைசியது கைக்குழந்தை. மூத்தவள் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினாள். "பதினாலும்மா! நம்ம வீட்டுல மூணுதான்!"

"இப்ப இருக்கறது ஒரே ரூம்தான் மேடம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க" என்றாள் மரிசோல். அங்கேயே நின்று விண்ணப்பத்தை நிரப்பினாள். சின்ன அறையில் பெரிய பெண்கள் இருவர், பெரிய அறையில் தொட்டில். இடம் தாராளமாகப் போதும். விசாரித்தேன், ரூபனின் மேலாளரும் நல்லபடியாகத்தான் சொன்னார். திங்கட்கிழமை சரி என்று சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

தேவாலய வாசலில் டாட் ப்ரூயிட் பிடித்துக்கொண்டாள். நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள், என்னைப் போலவே தனி ஆள்.

"ஏய் இர்மா, உன் மாடி காலியாமே! என்கிட்ட சொல்லணும்னு தோணலையா? நான் மேல, நீ கீழ. காபிக்கு ஒரே பானை போதும்."

"சீட்டாட்டத்துல நீ ஏமாத்துவியேடி."

"நான் ஏமாத்தலேன்னா உன்கூட ஆடறவங்க தூங்கிடுவாங்க."

வீடு வரும்வரை சிரித்தேன். காரில் தனியாக.

மார்ச் 9

மரிசோலைக் கூப்பிடவில்லை.

மார்ச் 10

கூப்பிட்டேன். "ரெண்டு ரூமுக்கு நாலு பேருக்கு மேல விடறதில்லம்மா. அது என் விதி."

"கைக்குழந்தையையும் சேர்த்தா மேடம்?"

"தலைன்னா தலைதானே."

நானா அப்படிச் சொன்னேன்? சொன்னேன். "சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மேலே போய் அறைகளை அளந்தேன். பெரியது பதிமூன்றுக்குப் பன்னிரண்டு அடி, சின்னது பதினொன்றுக்குப் பத்து. நகர விதிப்படி ஒருவருக்கு ஐம்பது சதுர அடி போதும். கரும்பலகைக் கணக்குதான்: அங்கே மூவர், இங்கே இருவர். ஆக ஐந்து.

சொல்லி முடித்த பிறகு எதற்கு அளந்தேன்?

மார்ச் 28

டாட் குடிவந்தாள்! கோழிக் குழம்பு வைத்துக் கொடுத்தேன், கபோருக்குப் பிடித்த மாதிரி மிளகாய்ப்பொடி தூக்கலாக.

ஏப்ரல் 2

"கோவிச்சுக்காத இர்மா. நானும் தனியாவே இருந்து பழகிட்டேன். தினம் தினம் கதவைத் தட்டாத."

டாட் கதவைப் பாதிதான் திறந்தாள்.

ஏப்ரல் 19

மேலே அவள் தொலைக்காட்சி. கீழே நான். ஒரே நிகழ்ச்சி.

மே 6

வீட்டு வாடகையில் பாகுபாடு பார்ப்பதை விசாரிக்கும் அலுவலகத்தில் இருந்து கடிதம். பிள்ளைகள் இருப்பதால் வீடு மறுத்தேன் என்று மரிசோல் புகார் கொடுத்திருக்கிறாள். ஐந்து பேரும் இப்போது ரூபனின் அண்ணன் வீட்டு நிலவறையில் இருக்கிறார்களாம். வீடு வேண்டும் என்றுதான் இன்னமும் கேட்கிறாள்.

கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். டக்கர் என்ற அதிகாரி. பொறுமையான குரல், நல்ல ஆசிரியராக இருந்திருப்பார்.

"ஆள் கணக்கு வைக்கறது தப்பில்லீங்க. நியாயமான கணக்கா, எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும். உங்க நாலு பேர் விதி எப்பப் போட்டது?"

"ரொம்ப நாளா இருக்கே."

வாய் தானாகச் சொன்னது. முப்பத்தொரு வருடம், பிள்ளைகளின் பொய்யை முகம் பார்த்தே பிடித்தவள் நான். தொலைபேசியில் என் முகம் அவருக்குத் தெரியாது.

"எழுத்துல ஏதாவது இருக்கா மேடம்?"

"தேடிப் பாக்கறேன்."

மே 7

படிக்கட்டில் டாட்டிடம் சொன்னேன்.

"எப்பவும் நாலுதான்னு அடிச்சுச் சொல்லு. நானும் சாட்சி சொல்றேன். யாருக்குத் தெரியப்போகுது?" கொஞ்சம் நிறுத்தினாள். "என்னைக் காலி பண்ண மட்டும் சொல்லிடாதம்மா."

பிறகு, ஐந்து வாரத்தில் முதல் தடவையாக, "உள்ள வா, காபி போடறேன்" என்றாள். போனேன். நன்றாகத்தான் இருந்தது. எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மே 10

மார்ச் எட்டாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். காபிப் பானைக்காகத்தான் ஒரு குழந்தையின் தலையை எண்ணினேன் என்பது அதைப் படித்தால் தெரிந்துவிடும். கிழிக்கவில்லை.

மே 11, திங்கள்

டாட்டிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன், சாட்சி வேண்டாம் என்று. வேறு வீடு பார்க்க வேண்டி வந்தால் உதவுகிறேன் என்றும். கதவைச் சாத்தினாள்.

மேசைமேல் கோட்டு, கைப்பை. பத்து மணிக்கு டக்கரின் அலுவலகம்.

திரு. டக்கர், எழுத்தில் இருக்கிறது. தேட வேண்டியிருக்கவில்லை. குறிப்பேட்டை முழுதாகவே தருகிறேன். மார்ச் ஏழாம் தேதியை முதலில் படியுங்கள், பிறகு பத்தாம் தேதியை.