கொல்லை வரை கேட்கும் மணி

அத்தான்,

இன்று காலை உங்கள் வீட்டு அழைப்பு மணிக்குப் பாட்டரி மாற்ற ஸ்டூல் போட்டு ஏறினேன். மணி இருப்பது கூடத்துத் தூணில், உங்கள் சாய்வு நாற்காலிக்கு நேர் மேலே. தூணருகே மூக்கு போனதும் நீங்கள் மெல்லும் பன்னீர்ப் புகையிலை வாசனை வந்தது. நீங்கள் போய் இரண்டு அறுவடை ஆகிவிட்டது. மரம் இன்னும் உங்களை மென்றுகொண்டிருக்கிறது. இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்று உங்களிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். மீதியை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுச் சுவர் ஒன்றரை அடி. திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் நான் அதை இரண்டடி என்பேன். தஞ்சாவூர் போனால் மூன்றடி. நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மச்சான், மெட்ராஸ் பக்கம் மட்டும் போயிடாதீங்க. அப்புறம் நமக்கு உள்ள உக்கார எடம் இருக்காது" என்பீர்கள்.

அந்தச் சுவர்தான் அக்காவுக்கு வினையாக வந்தது. நீங்கள் இருந்தவரை, வாசலில் யார் நின்றாலும் உங்கள் குரல் போய் உள்ளே அழைத்து வந்துவிடும். இப்போது அக்கா தனி. அவள் கொல்லையில் பாத்திரம் தேய்த்தால் வாசலில் வெடி வைத்தாலும் கேட்காது. ஒருநாள் உங்கள் மகன் ஓசூரிலிருந்து சொல்லாமல் வந்து கதவைத் தட்டியிருக்கிறான். போனில் கூப்பிட்டால் அது கூடத்தில் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. பயந்துபோய், பக்கத்து வீடான என் வீட்டுக்குள் புகுந்து, மதிலேறிக் குதித்தால், அம்மா சாவகாசமாகக் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருக்கிறாள்.

"பொங்கலுக்கு வருவேன் மாமா. வாசல்ல நின்னு கூப்புட்டா அம்மாவுக்குக் கேக்கணும். இல்லேன்னா கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றான். மறுநாள் அக்கா என்னிடம் மட்டும், "ஓசூர்ல அவன் வீட்டு எட்டாவது மாடியில நான் யாரப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்?" என்று கேட்டாள்.

நான் சும்மா இருப்பேனா? மின்சாரத்தைக் கரைத்துக் குடித்தவன். எட்டாம் வகுப்போடு நான் நின்றதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். ஒயர் இழுக்கலாம் என்று ஆளைக் கூட்டிவந்தால் அவருடைய டிரில் முனை உங்கள் சுவரில் ஒடிந்தது. முனை ஒன்றுதான், வெளியில் அரை டஜன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, ஒயரில்லாத மணி. முதலில் வந்ததன் பெட்டியில் முந்நூறு மீட்டர் கேட்கும் என்று போட்டிருந்தது. என்னைவிடப் பெரிய ஆளாக இருக்கிறானே என்று சந்தோஷமாக அடுப்படியில் மாட்டினேன். வாசலில் பித்தானை அழுத்தினால், நடுவிலிருந்த இரண்டு சுவரைத் தாண்ட அதற்குத் தெம்பில்லை. அடுத்தது நல்ல கெட்டி. ஆனால் கரண்டு போனால் ஊமை. நம் ஊர் மழைக்கு அது சரிப்படுமா? இரண்டையும் திருப்பி அனுப்பினேன். அதற்குள் மார்கழி பாதி போய்விட்டது. அக்கா பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள்.

அதைப் பார்த்ததும் உங்கள் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் திரும்பினால் ரேழி, வாசல், தெரு. அந்தப் பக்கம் கொல்லைக் கதவு, கிணறு, கத்தரிப் பாத்தி. "இங்க உக்காந்தா வாசலும் தெரியும், கொல்லையும் தெரியும்" என்று நீங்கள் சொல்வதைச் சோம்பேறிப் பேச்சு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். உங்கள் குரல் எந்தச் சுவரையும் துளைக்கவில்லை, அத்தான். எல்லாக் கதவும் ஒரே நேராக இருக்கும் வீடு. கதவு வழியாகவே போய்க் கதவு வழியாகவே வந்திருக்கிறது.

அப்புறமென்ன, பாட்டரியில் ஓடும் மணியாகப் பார்த்து வரவழைத்து அந்தத் தூணிலேயே மாட்டினேன். சுவருக்குப் பயப்படும் மணி, மரக்கதவைச் சட்டை செய்யவில்லை. கூவினால் குயிலும் வெட்கப்படும்.

பொங்கலன்று உங்கள் மகன் வாசலில் நின்று அழுத்தினான். எடுத்த விரலை மறுபடி வைத்தான். நான் கொல்லையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அக்கா கிணற்றடியிலிருந்து ஈரக்கையோடு போய்க் கதவைத் திறந்தாள்.

"கேட்டுச்சாம்மா?"

"உங்க அப்பாவுக்கே கேட்டிருக்கும். கைய எடுடா."

அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அக்கா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உங்களுக்குக் கேட்டதா அத்தான்?

சாப்பிடும்போது அவன், "வாசல் சரி மாமா. அம்மா உள்ள வழுக்கி விழுந்தா யாருக்குக் கேக்கும்?" என்றான். எனக்கு வாயில் சோறு. அன்று சாயங்காலமே, அதைவிடக் கெட்டி ரகமாக இன்னொரு மணியும் பித்தானும் அனுப்பச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பித்தான் இப்போது அக்காவின் சுருக்குப்பையில் இருக்கிறது. மணி என் சட்டைப்பையில். குளிக்கப் போனால் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில். இதுவரை அது கூவியதெல்லாம் தேங்காய் உரிக்கவும், நான் சாப்பிட்டேனா என்று கேட்கவும்தான்.

கேட்பவர்களிடம் தஞ்சாவூர் வரை கேட்கும் என்கிறேன். உண்மையில் தெருக்கோடிக் குளத்துப் படித்துறையோடு சரி. கடைத்தெருவுக்கு என் வீட்டுக்காரி போய் வருகிறாள். படித்துறைக்கு அப்பால் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்று வைத்துக்கொண்டேன்.