வலது தோள் அளவு

மேலகரம், தென்காசி.
ஆனி மாசக் கடைசி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

உலகம்மை எழுதுதேன். நானும் பிள்ளை சந்தனமாரியும் இங்கன நல்லா இருக்கோம். நீங்களும் ஆப்பிரிக்காவுல நல்லா இருக்கீங்கன்னு ஞாயித்துக்கிழமை தவறாம போன்ல சொல்லுதீங்க. சரி. ஆனா துப்பாக்கி எடுக்கப் போறீங்கன்னு ஒரு ஞாயித்துக்கிழமைகூட வாயில வரலையே, ஏன்?

எங்க நெல்லையப்பன் அண்ணனைத் திட்டாதீங்க. அவரா வந்து சொல்லலை, மாட்டிக்கிட்டாரு. போன வாரம் என் தையல் கடைக்கு வந்து, மாப்பிள்ளை சட்டையோட கை அளவைக் கொஞ்சம் சொல்லுன்னு கேட்டாரு. மிலிட்டரியில காலமெல்லாம் துப்பாக்கி ரிப்பேர் பார்த்த மனுஷனுக்கு உங்க கை அளவு எதுக்கு? தீபாவளிக்கு உங்களுக்குச் சட்டை எடுக்கணும்னாரு. ஆனி மாசத்துல என்ன தீபாவளின்னு கேட்டேன். திருதிருன்னு முழிச்சாரு. உட்கார வச்சு, வடையும் காப்பியும் வாங்கிக் கொடுத்து, அம்மா மேல சத்தியமா உண்மையைச் சொல்லுங்கன்னேன். நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜை அப்படியே போட்டுக் காட்டிட்டாரு. உலகுகிட்ட மட்டும் சொல்லிராதீங்க மச்சான்னு நீங்க கெஞ்சுனதையும் கேட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு.

ஆத்துல இருந்து நீர்யானையும் காட்டெருமையும் உங்க கம்பெனி கரும்புக்குள்ள ஏறி வருதாம். அதை விரட்ட லைசென்ஸோட இருந்த ஆளைக் காட்டெருமை தூக்கி எறிஞ்சு இடுப்பு போயிருச்சாம். அந்த இடத்துக்கு உங்களைக் கேக்குதாங்களாம். பம்ப்செட் பார்க்கப் போன மெக்கானிக்கை எதுக்குக் கேக்குதாங்கன்னு எனக்கு முதல்ல புரியலை. மெசேஜை மறுபடி போடச் சொல்லிக் கேட்டப்பதான் புரிஞ்சுது. யானை வாற ஊர்ல பிறந்தவன்னும், உங்க தாத்தா ஜமீன்ல வேட்டைக்குப் போனவருன்னும் மேனேஜர்கிட்ட அளந்து விட்டிருக்கீங்க. ஏன் அத்தான், உங்க தாத்தா ஜமீனுக்கு வைக்கோல் வண்டி ஓட்டினவருல்லா? வடகரைத் தோப்புல யானை வந்தப்போ நீங்க வெடி போட்டது நிஜம். போட்டுட்டு எல்லாருக்கும் முன்னால ஓடுனது யாருன்னு நானும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.

ஆனா மெசேஜோட கடைசியில இன்னொண்ணு இருந்துச்சு. துப்பாக்கி ஆளுக்குக் குடும்பத்தோட இருக்கக் குவார்ட்டர்ஸ் கொடுப்பாங்க, உலகையும் பிள்ளையையும் கூட்டிக்கிடலாம் மச்சான்னு சொன்னீங்க. கோவம் பாதி போயிருச்சு. மூணு பேரும் ஒரு வீட்டுல இருந்து சோறு திங்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அதனாலதான் அண்ணன் சொன்னதையெல்லாம் ஒண்ணு விடாம எழுதுதேன். போன்ல சொன்னா சிக்னல் இல்லைன்னு வெட்டிருவீங்க. தென்காசி யஹ்யா அண்ணாச்சி லீவு முடிஞ்சு உங்க பக்கம் லுசாக்காவுக்குத் திரும்புதாரு, அவர் கையில இதைக் கொடுத்து விடுதேன்.

முதல்ல எந்தத் துப்பாக்கிங்கிறது. ஆபீஸ்ல ரெண்டு இருக்குன்னு மெசேஜ்ல சொன்னீங்களே, நானூத்தம்பத்தெட்டு ஒண்ணு, முன்னூத்தி எழுபத்தஞ்சு ஒண்ணு. நம்பர் கூடுனா தோட்டா தடிமன்னு அண்ணன் சொன்னாரு. நீங்க பெரிசுல கண்ணு வச்சிருக்கீங்க. அண்ணன் சின்னதைத்தான் எடுக்கணும்னு சொல்லுதாரு. காட்டெருமைக்கு அதுவே தாராளமாம். பெரிசு சுட்டதும் பின்னால இடிக்கிற இடியில, நாலஞ்சு தடவைக்கு அப்புறம் விசையைத் தொடுத முன்னாலேயே உடம்பு சுருங்கிக்கிடுமாம், கண்ணு தானா மூடிக்கிடுமாம். அப்புறம் தோட்டா எங்க போகும்னு யாருக்குத் தெரியும்? அவர் சொல்லும்போது எனக்குக் குத்தாலத்து பலூன் கடைதான் ஞாபகம் வந்துச்சு. கல்யாணமான புதுசுல, சீசன்ல அருவிக்குப் போற வழியில சுட்டோமே. நான் சுட்டுச் சோப்பு டப்பா வாங்கினேன். நீங்க ஒண்ணுகூட உடைக்கலை. விசையை அமுக்குத நேரம் ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டீங்க. பலூனுக்கே அந்தப் பாடு.

அடுத்தது கட்டை, அதான் துப்பாக்கியில தோளோட முட்டுத மரம். அதுக்குத்தான் கை அளவு கேட்டாராம். துப்பாக்கியும் சட்டை மாதிரி ஆளுக்கு அளந்துதான் இருக்கணுமாம். முழங்கையை மடக்கி, மடிப்புல இருந்து விசையில வைக்கிற விரல் வரைக்கும் உள்ள நீளத்துக்குக் கட்டை இருக்கணும். பழைய துப்பாக்கி ஆள் ஆறடிக்கு மேலன்னு சொல்லியிருக்கீங்க. அந்தக் கட்டை உங்களுக்கு, அப்பன் சட்டையைப் பிள்ளை போட்ட மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கிட்டுத் தோள்ல ஏத்தணுமாம். கண்ணைத் திறந்தா குறி நேரா தெரியணும். தலையைத் தூக்கியோ தாழ்த்தியோ தேட வேண்டியிருந்தா அந்தக் கட்டை ஆகாது, அறுக்கச் சொல்லணும். இதெல்லாம் தோட்டா போடாமப் பார்க்கணும், அதையும் எழுதச் சொன்னாரு.

துப்பாக்கி மேல ஸ்கோப் கண்ணாடி மாட்டுனா தூரத்தைப் பக்கத்துல காட்டுத பெரிசு வேண்டாமாம். காட்டெருமை பக்கத்துலதான் வரும், பெரிய ஸ்கோப்புல வெறும் கறுப்பு மயிருதான் தெரியும்னாரு. சின்னதா, ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுப் பார்க்கிறதா போதும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு விரல் இடம் விட்டு மாட்டணும். இல்லாட்டி இடிக்கிற இடியில புருவம் கிழிஞ்சிரும். ஐம்பது கெஜத்துக்குக் குறியைச் சரி பண்ணிக்கிடணும். கையில கிடைக்கிற தோட்டாவை அப்படியே நம்பக்கூடாது, ஒவ்வொண்ணையும் உள்ள ஏத்தி இறக்கிப் பார்க்கணும், எதாவது ஒண்ணு சிக்கும். முக்கியமா, பழகும்போது தரையில படுத்துக்கிட்டுச் சுடவே கூடாது. நிக்கும்போது உடம்பு பின்னால சாயும், படுத்தா உடம்புக்குப் போக இடமில்லை, இடி முழுக்கத் தோள்பட்டை எலும்புல இறங்கிரும்னாரு.

நான் ஒரு தோள் மெத்தை தைக்கேன். மேல ஜீன்ஸ் துணி, உள்ள ரப்பர் ஷீட்டு. ரப்பர் புளியரையில இருந்து வந்தது, நல்ல கெட்டி. மாருல சுத்திக் கட்ட ஒரு வார் வரும். சீசன் வேலைக்கு நடுவுல தைக்கிறதால ரெண்டு நாளாகும். சாரல் நல்லா விழுது, ஐந்தருவியில நிக்க இடமில்லையாம். கடைக்காரங்க அரை டவுசர் அரை டவுசர்னு உயிரை எடுக்காங்க. குளிக்க வாறவங்க வீட்டுல இருந்து ஒரு டவுசர் கொண்டு வந்தா என்னவாம்? சுரண்டையில அத்தைக்கு முட்டுவலி பரவாயில்லை. சந்தனமாரி கிளாஸ் முழுக்க நாங்க ஆப்பிரிக்கா போறோம்னு தம்பட்டம் அடிச்சிட்டா. ஒருத்திக்கு நீர்யானைப் பல்லு கொண்டு வந்து தாறேன்னு சொல்லியிருக்கா. யாரு பிள்ளை!

மிச்சத்தை மெத்தையை முடிச்சிட்டு எழுதுதேன்.

வியாழக்கிழமை.

அத்தான், மேல எழுதினதைக் கிழிக்கலை. ஏன்னு கடைசியில சொல்லுதேன். இதுக்குள்ள நீங்க அந்தத் துப்பாக்கியைத் தொட்டிருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு எழுதுதேன்.

நேத்து மெத்தையைப் பார்க்க அண்ணன் வந்தாரு. திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, ஏன் மேல்பக்கம் மட்டும் தடிப்பா வச்சிருக்கேன்னு கேட்டாரு. அவுகளுக்கு வலது தோள் அரை அங்குலம் இறக்கம், சட்டைக்கே உள்ள பட்டை வச்சுத்தான் தைப்பேன், அதான் இதுலயும் வச்சேன்னு சொன்னேன். பெருமையா வேற சொன்னேன். எதனால இறக்கம்னு கேட்டாரு. இலஞ்சி வளைவுல பைக்கோட விழுந்து தோள் எலும்பு உடைஞ்சதுல்லா, உள்ள தகடு வச்ச பிறகு அப்படித்தான் இருக்குன்னேன். அந்தத் தகட்டை அப்பவே எடுத்தாச்சுல்லாடின்னு கேட்டாரு. நீங்க விழுந்தப்போ அவர் அஸ்ஸாம்ல இருந்தாரு, பாவம், எலும்பு சேர்ந்ததும் எடுத்துட்டாங்கன்னு நினைச்சிருக்காரு. எடுக்கலைன்னேன். கையில இருந்த மெத்தையை மெஷின் மேல வச்சிட்டாரு.

அவர் சத்தம் போடலை. கோவப்பட்டிருந்தாக்கூட எனக்குத் தாங்கியிருக்கும். தன் தோள்லயே விரலை வச்சுக் காட்டிச் சொன்னாரு. கட்டை வந்து இடிக்கிற இடமும் தகடு இருக்கிற இடமும் ஒண்ணுதானாம். தகடு நிக்கும், அதைப் பிடிச்சிருக்க ஸ்க்ரூவும் எலும்பும் நிக்குமான்னு யாரும் சொல்ல முடியாதாம். மெத்தை வச்சா வலி குறையும், அந்த எலும்பைக் காப்பாத்தாது. காட்டெருமை பெரும்பாலும் முதல் தோட்டாவுல விழாதாம். அடிபட்டதும் திரும்பி ஆளைத் தேடி வருமாம். ரெண்டாவது தோட்டாவுக்கு அவன் கை தூக்க வராதுன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு, காப்பியைக் குடிக்காமலே வச்சிட்டாரு.

நான் விடலை. இடது தோள்ல வச்சுச் சுட்டா என்னன்னு கேட்டேன். ரெண்டு துப்பாக்கிக்கும் தோட்டா ஏத்துத கைப்பிடி வலது பக்கம், இடது தோள்ல வச்சுக்கிட்டு அதை இழுத்துத் தள்ளிப் பழக வருஷமாகும், காட்டெருமை முன்னால நின்னு பழகுத வேலை இல்லைன்னாரு. அப்போ சின்னதை எடுத்தான்னேன். நீங்க ரெண்டையுமே தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. இவ்வளவு நாளும் எதை எடுக்கணும்னு சொல்லிக் கொடுத்த மனுஷன்!

டாக்டர் பம்ப் வேலைக்குப் போகலாம்னு எழுதிக் கொடுத்தாரு, துப்பாக்கிக்கு எழுதிக் கொடுக்கலை. ஒரு குடம் தண்ணி தூக்குனா ராத்திரி முழுக்க முனகுத ஆளு நீங்க. இது உங்களுக்குத் தெரியாதா? தெரியும். குவார்ட்டர்ஸுக்காகத் தெரியாத மாதிரி இருக்கீங்க. நானும் நேத்து அண்ணன் வாற வரைக்கும் அதே ஆசையிலதான் மெத்தை தைச்சுக்கிட்டு இருந்தேன்.

மேனேஜர்கிட்ட போயி தகடு இருக்குன்னு சொல்லுங்க. கூடவே தாத்தா வைக்கோல் வண்டிக்காரருன்னும் சொல்லிருங்க, சிரிச்சிட்டுப் போகட்டும். காவலுக்கு இருக்காரே முலெங்கா, முன்னால காட்டு இலாகாவுல துப்பாக்கியோட சுத்தினவருன்னு நீங்கதானே சொன்னீங்க? தூரத்துல புல்லு அசையிறதைப் பார்த்தே எருமையா மாடான்னு சொல்லுவாருன்னீங்களே. அவரை மேனேஜர் நினைக்கிறதுக்குள்ள நீங்க ஜமீன் கதையை எடுத்து விட்டுட்டீங்க. அவருக்குக் கொடுக்கச் சொல்லுங்க.

குவார்ட்டர்ஸும் அவருக்குத்தான் போகும். தெரியும். அவரும் பெண்டாட்டி பிள்ளையைப் பிரிஞ்சுதானே இருக்காரு. நேத்து மெஷின்ல உட்கார்ந்து அழுதேன், டவுசர் வாங்க வந்த கடைக்காரர் பார்த்துட்டு நாளைக்கு வாறேன்னு போயிட்டாரு. சந்தனமாரிகிட்ட ஆப்பிரிக்கா இல்லைன்னு சொல்லிட்டேன். அப்புறம், பல்லு கேட்டவகிட்ட இப்போ நான் என்ன பொய் சொல்லன்னு கேட்டா. உங்க அப்பாவைக் கேளு, அவருக்குத்தான் நல்லா வரும்னேன். அதுக்கு மேலதான் சிரிச்சா.

செவ்வாய்க்கிழமை எழுதினதை ஏன் கிழிக்கலைன்னு கேட்டா, அதை முலெங்காவுக்கு வாசிச்சுக் காட்டுங்க. தெரிஞ்ச விஷயமா இருந்தாலும் கேட்டுக்கிடட்டும். கட்டையை அவர் கைக்கு அளக்கச் சொல்லுங்க.

மெத்தையும் இந்தக் கவர்கூட வருது. உங்களுக்காக வச்ச அரை அங்குலத் தடிப்பைப் பிரிச்சுச் சமமாக்கிட்டேன். வார் மட்டும் தைக்கலை. வார் ஆளோட மார் சுத்தளவுக்கு வெட்டணும். உங்க அளவு எனக்கு டேப் இல்லாமலே தெரியும். கத்திரியை எடுத்தேன், அந்த அளவுக்கு வெட்ட கை வரலை. துணியை நீளமா அப்படியே வச்சு, ஊசியும் நூலும் குத்தி விட்டிருக்கேன். முலெங்கா மாருல அளந்து நீங்களே தைச்சுக் கொடுங்க. கோணலா வந்தாலும் பரவாயில்லை.

கூட உங்களுக்கு ஒரு சட்டை இருக்கு. அதுல வலது தோள்ல வழக்கம் போல அரை அங்குலம் வச்சிருக்கேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போட்டுக்கிட்டு நேரா நின்னு ஒரு போட்டோ அனுப்புங்க, ரெண்டு தோளும் சமமா இருக்கான்னு நான் பார்க்கணும்.

ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது சாப்பிட்டியான்னு கேக்க வேண்டாம். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்ங்கிறதுதான் முதல் வார்த்தையா இருக்கணும். சிக்னல் இல்லாட்டி மரத்துல ஏறியாவது சொல்லுங்க. வேண்டாம், மரத்துல ஏறாதீங்க.

உலகம்மன் உங்க தோளுக்குக் காவலா நிக்கட்டும். வீடு நம்ம ஊர்லயே இருக்கு, சின்னதுதான். அதுக்கு வந்து சேர்ந்தா போதும்.

இப்படிக்கு,
உங்க அளவு தெரிஞ்ச
உலகம்மை