நயீமாவின் லீவுப் படிவம்

1996 மார்ச் 11, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மின்சாரம் இல்லை. லீவுப் பதிவேடு சரிபார்த்தல். ‘சொந்த அலுவல்’ என்று மட்டும் காரணம் எழுதிய இரண்டு படிவங்கள், வழக்கம்போல், திருப்பி அனுப்பப்பட்டன.

மூன்றாவது, எங்கள் கந்தோர்த் தட்டச்சாளர் நயீமாவுடையது. கணவர் மௌத்தாகிப் பத்து நாள். கணவனை இழந்தவர் காக்கும் இத்தாவில் இருக்கிறார், நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியேறலாகாது, அந்நிய ஆண் பார்க்கலாகாது. அதற்கு விசேட லீவு உண்டு. ஆனால் படிவத்தில் இருப்பது தம்பியின் கையொப்பம். பிரதம எழுதுநராகிய என் முன் விண்ணப்பதாரியே ஒப்பமிட வேண்டும். முன்பொருமுறை கள்ளக் கையொப்பம் வந்தபின் நானே எழுதிய விதி. வெள்ளிக்குள் படிவம் வராவிடில், வேலையைக் கைவிட்டவர் என்று கடிதம் போகும்.

அக்காவின் படிவத்தோடு வந்த தம்பி: “ராத்தாவ எப்பிடி சேர் கந்தோருக்குக் கூட்டி வாற? நீங்களும் முஸ்லிம்தானே.”

படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முழங்கால் வலி.

மார்ச் 12, செவ்வாய்

உறக்கம் குறைவு. ‘லீவு’ என்ற இந்த ஆங்கிலச் சொல், இன்று காதில் விழுந்தவை:

பள்ளிக்கூடம் லீவு.
சலூன் கதவில் அட்டை, ‘இன்று லீவு’.
மீன்காரர்: “காத்து சேர். கடலுக்கு இண்டைக்கு லீவு.”
பஸ்ஸில் ஒருவர், நடத்துநரைப் பார்த்து: “மூளைக்கு லீவு குடுத்துட்டு வந்திரிக்கான்.”

அகராதியில் இன்னும்: விடைபெறுதல், விட்டுச் செல்லுதல், அனுமதி. எல்லாரும் தமக்குத் தாமே எடுத்துக்கொள்கிறார்கள். என் மேசையில் மட்டும் கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது.

மனைவி, சோறு போட்டபடி: “மனிசி இத்தாவில இரிக்கா. கையெழுத்துப் போட வா எண்டு சொல்ல ஒங்களுக்கு எப்பிடி மனசு வந்த? நீங்க மௌத்தாகிறதெண்டாலும் படிவம் நிரப்பித்தான் போவீங்க.”

மார்ச் 13, புதன்

வெயில். லீவுப் பதிவேடு எழுதும் யோகராசா காரைதீவிலிருந்து சைக்கிளில் வருபவர், அதிகம் பேசாதவர். இன்று பேசினார்.

“அவ வரேலாது எண்டா, நீங்க போகேலாதா சேர்?”

விதிப் புத்தகத்தை இருமுறை புரட்டினேன். தடை எங்கும் இல்லை. பதினொரு வருடமாக நான் ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை என்பதைத் தவிர.

மார்ச் 14, வியாழன்

பகல் பன்னிரண்டுக்கு எழுந்து, முன்கூட்டி விண்ணப்பிக்காமலே, நயீமாவின் வீட்டுக்கு நிந்தவூர் பஸ். கூட்டம். நின்றபடி.

தம்பி முன்னறையில் கதிரை போட்டார். உள்வாசலில் சீலைத் திரை, அதன் பின்னால் நயீமா. படிவமும் பேனையும் அதன் கீழால் உள்ளே போயின. ஒப்பமிடுவதை நான் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்க்கவில்லை. பேனை உரசும் சத்தம் மட்டும்.

பிறகு குரல்: “சேர், காணிக் கடிதம் ரெண்டு அடிக்காமக் கிடக்கு. என்ட மேச லாச்சில பாருங்க. மன்னிச்சுக்கங்க.”

நான்கு வருடம் ஒரே அறையில் கேட்ட குரல். “ஓம் புள்ள, பாக்கிறன்” என்றேன்.

‘என் முன்னிலையில்’ என்று சான்றுறுதி எழுதினேன்.

மூன்று மணிக்குக் கந்தோர். நயீமாவின் படிவம் ஏற்கப்பட்டது. அவருடைய மேசை லாச்சியை இழுத்தேன், கடிதங்கள் இருந்தன. அடுத்து என் அரைநாள் படிவம். பெயர், பதவி, திகதி. காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் பேனை நின்றது.

சொந்த அலுவல்.

யோகராசா வாசித்தார். திருப்பித் தரவில்லை.